தரகு விகிதத்தைக் கடைசியாகப் பார்க்கப் பழகினேன்

விசுவமடுவில் எங்கள் வளவின் பின்புறத்தில் அம்மா போட்டிருந்த பாவல் பந்தலையும் மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளையும் கைபேசியில் படம் பிடித்து, 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து காணொளிகளாக வெளியிடத் தொடங்கினேன். அந்த வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்திருந்தது. வயலை நம்பியிருந்த வன்னி வீடுகள் எல்லாவற்றையும் போல எங்கள் வீட்டிலும் அடுத்த பெரும்போகத்தை நினைத்துக் கலக்கம் இருந்தது. வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் அயலவர்களுக்கு உதவும் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்வையாளர் கணக்கைத் திறந்து பார்த்தபோது, பார்ப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் இருந்தார்கள். ஊரை விட்டுப் போய் இருபது, முப்பது வருடங்களான எங்கள் சனங்கள், கனடாவின் ஸ்காபரோவில் யன்னல் ஓரத்தில் முருங்கை வளர்ப்பது எப்படி, பனிக்காலத்தில் கறிவேப்பிலைக் கன்றைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுதிக் கேட்டார்கள். எந்த நாற்றுத் தட்டு நல்லது, எந்த வளர்ப்பு விளக்கை எங்கே வாங்கலாம் என்ற கேள்விகள் ஒவ்வொரு நாளும் வந்தன.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ஒரு கடையின் இணைப்பைக் கொடுத்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் கடைக்காரர் நமக்கு ஒரு பங்கைத் தரகாகத் தருவதே அஃபிலியேட் முறை. 1996 இல் அமேசன் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. இன்று விதை விற்பவர் முதல் மென்பொருள் விற்பவர் வரை பலரிடம் இத்தகைய திட்டம் உண்டு. சேர்வதற்குக் காசு கேட்கமாட்டார்கள், பொருளை நாம் கையால் தொடவேண்டியதில்லை, பொதி கட்டவேண்டியதில்லை. ஆகவே எதில் சேர்வது என்ற கேள்வியை நான் மிக இலகுவாக எடுத்துக்கொண்டேன். கூடுதலான விகிதம் தருகிறவர் யார் என்று தேடி, தோட்ட விதைகளை இணையத்தில் விற்கும் ஒரு கடை 25 வீதம் தருவதாக அறிவித்திருந்ததைக் கண்டு அன்றைக்கே சேர்ந்தேன். மற்றக் கடைகள் 4, 5 வீதம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் 25 என்ற எண் என் கண்ணை மறைத்துவிட்டது.

அந்தக் கடை ஆசிய நாடொன்றிலிருந்து விதைகளைச் சாதாரணத் தபால் உறையில் அனுப்புகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. ஜேர்மனியில் இருக்கும் ஒரு அக்கா, முள்ளியவளையைச் சேர்ந்தவர், என் இணைப்பின் வழியாகப் பாவல், புடோல், பயிற்றை என்று ஆறு வகை விதைகளுக்குக் காசு கட்டியிருந்தார். ஐந்து வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "பிள்ளை, கடிதம் ஒண்டு வந்திருக்கு. விதையைச் சுங்கத்திலை மறிச்சுப் போட்டினம். ஏதோ சான்றிதழ் இல்லையாம், அழிக்கப் போறம் எண்டு எழுதியிருக்கு. நீ சொன்னபடியாத்தான் வாங்கினான்." கோபமாகப் பேசியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவர் தான் ஏதோ பிழை விட்டுவிட்டதைப் போலத் தயங்கித் தயங்கிப் பேசினார். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் விதைகளுக்கு, நோயும் பூச்சியும் இல்லை என்று உறுதிசெய்யும் தாவரநலச் சான்றிதழ் கட்டாயம் என்பதை அன்றிரவுதான் தேடி வாசித்தேன். ஒரு மணித்தியால வேலை அது. அந்த ஒரு மணித்தியாலத்தைச் சேர்வதற்கு முன்னர் செலவழித்திருந்தால் அவருடைய பங்குனி மாத நடுகை தவறிப் போயிருக்காது. கடையிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை. அவருடைய காசை நானே கொடுக்க முன்வந்தேன், அவர் வாங்க மறுத்துவிட்டார். இணைப்பை எல்லாக் காணொளிகளிலிருந்தும் எடுத்துவிட்டு, அதற்கான காரணத்தை ஒரு காணொளியில் விளக்கமாகச் சொன்னேன்.

அப்போதுதான் அப்பா நெல் விற்கும் முறை எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. அறுவடை காலத்தில் வியாபாரிகள் களத்துக்கே லொறியோடு வருவார்கள். நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது நெல் வாங்கும் அரச நிறுவனமான நெல் சந்தைப்படுத்தும் சபையின் நிபந்தனை. காயவைக்க இடமும் வெயிலும் இல்லாதவர் ஈரநெல்லை வியாபாரிக்கே கொடுக்கவேண்டியிருக்கும். வியாபாரி கிலோவுக்கு ஒரு விலை சொல்லுவார், அந்த விலை கேட்க நன்றாகத்தான் இருக்கும். அப்பா அதற்கு உடனே தலையாட்டமாட்டார். மூட்டைக்கு எத்தனை கிலோ கழிப்பீர்கள், ஏற்றுக்கூலி யாருடையது, காசு இன்றைக்கா அல்லது லொறி போய்த் திரும்பிய பிறகா என்று வரிசையாகக் கேட்பார். கிலோவுக்கு இரண்டு ரூபா குறைத்துச் சொன்ன வியாபாரிக்கு நெல்லைக் கொடுத்த வருடங்களும் உண்டு. சின்ன வயதில் அது எனக்கு விளங்கவில்லை. விதைக்கடை விவகாரத்துக்குப் பிறகு ஒரு கொப்பியை எடுத்து, அப்பாவின் அதே கேள்விகளை அஃபிலியேட் திட்டங்களுக்கு ஏற்றபடி எழுதினேன்: வாங்குகிறவருக்குப் பொருள் ஒழுங்காகப் போய்ச் சேருமா, காசு எப்போது எந்த வழியாக என் கைக்கு வரும், இடையில் எவ்வளவு கழியும். விகிதத்தைக் கடைசி வரியில் போட்டேன்.

காசு வரும் வழியைப் பற்றிய கேள்வி இலங்கையில் இருப்பவருக்கு மற்ற நாட்டவரைவிட முக்கியமானது. நான் தொடங்கிய காலத்தில் இங்கிருந்து பேபல் என்ற இணையப் பணச் சேவை மூலம் பணம் செலுத்த முடிந்தது, ஆனால் பெற முடியவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல், பேபல் வழியாக மாத்திரம் பணம் தரும் ஒரு திட்டத்தில் நான் 94 டொலர் சேர்த்துவிட்டேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே நடுப்பகுதியில் 360 ஆனது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற உழவு இயந்திரத்தின் பற்றரியை நாங்கள் பயன்படுத்திய நாட்கள் அவை. அந்த 94 டொலர் அன்றைய மதிப்பில் 33,000 ரூபாவுக்கு மேல், எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. ஸ்காபரோவில் இருக்கும் மாமாவின் கணக்கைக் கொடுத்துப் பணத்தை எடுக்கப் பார்த்தேன். பதிவு செய்தவர் பெயரும் பணம் பெறுபவர் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அவர்களுடைய நிபந்தனையில் எழுதியிருந்தது. கணக்கை மூடிவிட்டார்கள், பணம் போய்விட்டது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை, எழுதியிருந்ததை வாசிக்காதது நான்.

அதன் பிறகு, வங்கிக்கு நேரடியாக அல்லது பயோனியர் போன்ற சேவையின் வழியாகப் பணம் தராத எந்தத் திட்டத்திலும் நான் சேர்வதில்லை. இதில் எங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பெயர்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். தேசிய அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் கடவுச்சீட்டில் முழுப்பெயராகவும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுதியவரின் கைப்போக்கில் மாறியிருக்கும். வெளிநாட்டுச் சேவை இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்து மாறினால் நிறுத்திவைத்துவிடும். நான் வங்கிக்குப் போய்ப் பெயரை அடையாள அட்டைப்படி திருத்தி எடுத்து, அதே எழுத்துக்கூட்டலில்தான் எல்லா இடத்திலும் பதிவு செய்தேன். அமெரிக்க நிறுவனங்களின் திட்டங்களில் சேரும்போது, அந்நாட்டவர் அல்லாதோர் நிரப்பவேண்டிய டபிள்யூ-8பென் என்னும் வரிப் படிவத்திலும் அதே பெயரைத்தான் எழுதவேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலாவது இணைப்பைப் போடுவதற்கு முன்னரே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. உழைத்த காசு வந்து நிற்கும்போது பெயர் திருத்த அலைவது மிகுந்த மனவேதனை தரும்.

ஆகக் குறைந்தது எவ்வளவு சேர்ந்தால் பணம் அனுப்புவார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மாதம் பத்து டொலர் உழைக்கும் ஒருவருக்கு 100 டொலர் எல்லை வைத்த திட்டம் பத்து மாதக் காத்திருப்பு. பொருள் திரும்பி வரக்கூடிய காலம் முடிந்த பிறகே தரகை உறுதிசெய்வார்கள் என்பதால், விற்ற நாளுக்கும் காசு வரும் நாளுக்கும் இடையில் ஒன்றிரண்டு மாதம் எப்படியும் போகும். அமேசன் திட்டத்திலும் ஒரு மாத வருமானம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளுக்குப் பின்னரே வருகிறது. இது ஏமாற்று வேலையன்று, ஆனால் விதைப்புச் செலவுக்கு அந்தக் காசை நம்பியிருப்பவர் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளவேண்டிய விடயம்.

வாங்குகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை நான் நெடுநாள் கவனிக்காமல் விட்டிருந்தேன். அமேசன் திட்டம் அமெரிக்காவுக்கு வேறு, கனடாவுக்கு வேறு, பிரித்தானியாவுக்கு வேறு, ஜேர்மனிக்கு வேறு. அமெரிக்கக் கடையின் இணைப்பைக் கொடுத்தால் ஸ்காபரோவில் இருப்பவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, தன் நாட்டுக் கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார். நமக்கு ஒன்றும் சேராது, அவருக்கும் வீண் அலைச்சல். அமெரிக்கத் திட்டத்தில் சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும் என்ற நிபந்தனையும் உண்டு. என்னுடைய பார்வையாளர்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே ஒரு திட்டத்தைத் தெரிவு செய்ய முன்னர், என் பார்வையாளர்கள் இருக்கும் முதல் மூன்று நாடுகளுக்கும் அந்தக் கடை பொருள் அனுப்புகிறதா, அனுப்புகூலி எவ்வளவு என்று அந்நாட்டு முகவரி ஒன்றை இட்டுப் பார்த்துக்கொள்கிறேன். 20 டொலர் நாற்றுத் தட்டுக்கு 18 டொலர் அனுப்புகூலி என்றால், எந்த விகிதம் தந்தாலும் அது எங்கள் சனங்களுக்குச் சொல்லக்கூடிய கடை இல்லை.

இணைப்பை அழுத்தியவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் நமக்குத் தரகு உண்டு என்பதை, இணைப்பை அழுத்தும்போது அவருடைய உலாவியில் பதியும் குக்கி என்ற சிறு குறிப்பின் ஆயுள் தீர்மானிக்கிறது. அமேசனில் அது 24 மணித்தியாலம். அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் அந்தக் கூடை காலாவதியாகும் வரை, வழமையாக 90 நாள் வரை, கணக்கில் எடுப்பார்கள். தனிக்கடைகளில் பெரும்பாலும் 30 நாள் தருவார்கள். இதைவிட நான் கவனமாகப் பார்ப்பது, கடைசியாக அழுத்திய இணைப்புக்கே தரகு என்ற வழக்கத்தை. நம்முடைய விளக்கத்தைக் கேட்டு முடிவெடுத்தவர், காசு கட்டும் நேரத்தில் தள்ளுபடிக் குறியீடு தேடி வேறொரு தளத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பி வந்தால் தரகு அந்தத் தளத்துக்குப் போய்விடும். காசு கட்டும் பக்கத்தில் தள்ளுபடிக் குறியீட்டுக்கான பெட்டியைப் பெரிதாக வைத்திருக்கும் கடைகளில் இது அதிகம் நடக்கிறது. அப்படியான கடையாக இருந்தால் எனக்கென ஒரு தனிக் குறியீடு தருவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

இனி விகிதம். 2023 ஆம் ஆண்டில் இரண்டு திட்டங்களை மூன்று மாதம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கனடாவில் வளர்ப்பு விளக்கும் விதை முளைக்கச் சூடேற்றும் விரிப்பும் சேர்த்து 60 டொலருக்கு விற்கும் கடை, தரகு 4 வீதம், அதாவது ஒரு விற்பனைக்கு 2.40 டொலர். மற்றையது இணையவழித் தோட்டக்கலைப் பாடநெறி, விலை 90 டொலர், தரகு 35 வீதம், ஒரு விற்பனைக்கு 31.50 டொலர். விளக்குக் கடையின் இணைப்பை 412 பேர் அழுத்தினார்கள், 19 பேர் வாங்கினார்கள், ஒருவர் திருப்பிக் கொடுத்தார், எனக்கு 43.20 டொலர். பாடநெறியின் இணைப்பை 388 பேர் அழுத்தினார்கள், மூவர் வாங்கினார்கள், இருவர் முப்பது நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், எனக்கு 31.50 டொலர். நூறு அழுத்தலுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் விளக்கில் 10.49 டொலர், பாடநெறியில் 8.12 டொலர். மிளகாயும் கத்தரியும் 25 முதல் 30 பாகை வெப்பத்தில்தான் நன்றாக முளைக்கும். கனடாவில் மாசி மாதத்தில் வீட்டுக்குள்ளே விதை போடுகிறவருக்கு அந்த விரிப்பு தேவையான பொருள், காணொளியைப் பார்த்த கையோடு வாங்கினார்கள். பாடநெறியை வாங்கிய மூவரில் இருவர் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது, தரகுக் கணக்கைவிடப் பெரிய செய்தியை எனக்குச் சொல்லியது. நான் அந்தப் பாடநெறியைக் காசு கொடுத்து வாங்கி முழுவதும் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் விடயங்களே அதில் நிரம்பியிருந்தன. அதை நிறுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து, விலை கூடிய பொருளாக இருந்தால் என் கையால் பயன்படுத்திப் பார்க்காமல் அல்லது நம்பக்கூடிய ஒருவர் பயன்படுத்தியதை நேரே காணாமல் நான் எதையும் பரிந்துரைப்பதில்லை. வளர்ப்பு விளக்கு விசுவமடு வெயிலில் எனக்குத் தேவைப்படாத பொருள். ஆகவே மாமாவை ஒன்று வாங்கச் செய்து, அவருடைய நிலவறையில் மிளகாய் நாற்று வளர்ந்ததை ஆறு வாரம் வாரத்துக்கொரு முறை காணொளி அழைப்பில் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் நாற்றுகள் நெட்டையாக வளர்ந்து சரிந்தன. விளக்கை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கச் சொன்னேன், தண்டு தடித்தது. அந்தத் தகவல் கடையின் பக்கத்தில் எங்கும் இல்லை. என் இணைப்பை அழுத்துகிறவர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய பெறுமதி அதுதான். வாங்கிக் கொண்ட மாமாவின் கொள்வனவு என் இணைப்பின் வழியாக நடக்காதபடியும் பார்த்துக்கொண்டேன், ஏனெனில் சொந்தத் தேவைக்கு வாங்குவதைப் பல திட்டங்கள் தடைசெய்கின்றன.

விகிதம் நிரந்தரமானதும் இல்லை. 2020 ஏப்ரலில், நான் இந்த வேலையைத் தொடங்க முன்னர், அமேசன் தன் அமெரிக்கத் திட்டத்தில் தோட்டப் பொருட்களையும் வீட்டுப் பொருட்களையும் உள்ளடக்கிய பிரிவுகளுக்கு 8 வீதமாக இருந்ததை 3 வீதமாகக் குறைத்தது. ஒப்பந்தத்தில் அதற்கான உரிமை அவர்களுக்கு உண்டு, அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் அந்த வரி இருக்கிறது. இப்போது என்னிடம் நான்கு திட்டங்கள் உள்ளன. எதுவும் மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்ட விடுவதில்லை.

ஒரு விடயத்தை எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக அழுத்திச் சொல்லவேண்டும். புதுக்குடியிருப்பிலும் பரந்தனிலும் வேலை தேடும் இளையோரிடம், அஃபிலியேட் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு, முதலில் ஒரு தொகை கட்டிச் சேருங்கள், பிறகு இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று வருகிறார்கள். என் சித்தியின் மகனே தங்கச் சங்கிலியை அடைவு வைத்துக் கட்டிவிட்டு என்னைச் சேர்க்க வந்தான். அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: புதிதாக ஒருவரும் சேராவிட்டால், வெளியில் எந்தப் பொருளை யார் வாங்குவதால் உனக்குக் காசு வரும்? அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஆள் சேர்ப்பதிலிருந்து பணம் வரும் அத்தகைய கூம்பக முறைகளைத் தொடங்குவதும் நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் இலங்கையின் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் குற்றம். மத்திய வங்கி இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. உண்மையான அஃபிலியேட் திட்டத்தில் சேருவதற்குக் கட்டணம் இல்லை, பணம் பொருள் விற்பனையிலிருந்து மட்டும் வருகிறது.

தரகு கிடைக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வதும் தெரிவோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும் பிரித்தானியாவின் விளம்பரத் தராதர அதிகாரசபையும் இதை எதிர்பார்க்கின்றன. காணொளியின் கீழே சிறிய எழுத்தில் எழுதிவிட்டுப் போகாமல், தொடக்கத்திலேயே தமிழில் வாயால் சொல்கிறேன். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும் திட்டத்தை நான் எடுக்காமல் விடுகிறேன். அந்தக் கூச்சம் எனக்கு எந்த எண்ணையும்விட விரைவாக உண்மையைக் காட்டிவிடுகிறது.

சேர முன்னர் திட்டப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுவதும் என் வழக்கமாகிவிட்டது. இலங்கை வங்கிக் கணக்குக்கு எப்படிப் பணம் அனுப்புவீர்கள், பொருள் திரும்பி வந்தால் தரகை எத்தனை நாள் வரை திரும்ப எடுப்பீர்கள், ஜேர்மனிக்கு அனுப்பும் விதைகளுக்குத் தாவரநலச் சான்றிதழ் உண்டா அல்லது ஒன்றியத்துக்குள் இருந்தே அனுப்புகிறீர்களா என்று மூன்றே கேள்விகள். பதில் தராதவர்கள் பலர். நெதர்லாந்திலிருந்து விதை அனுப்பும் ஒரு கடைக்காரர் அடுத்த நாளே மூன்றுக்கும் தெளிவாகப் பதில் எழுதினார். அவர் தருவது 6 வீதம். ஜேர்மனி அக்காவுக்கு நான் முதலில் அனுப்பியது அந்தக் கடையின் இணைப்பைத்தான், தரகுக் குறியீடு இல்லாத வெறும் முகவரியாக. பொதி நாலாம் நாள் கிடைத்ததாக எழுதினார். இந்த மாதம் வளர்ப்புப் பைகள் விற்கும் பிரித்தானியக் கடையொன்றுக்கு எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது. திரும்ப எடுக்கும் காலத்தைப் பற்றி நிபந்தனைகளில் ஒரு எண்ணும் கடிதத்தில் வேறொரு எண்ணும் இருக்கின்றன. எது சரி என்று கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறேன், பதில் வரும் வரை இணைப்பைப் போடவில்லை.